லிமிட்டுக்குக் கீழே

சோவியத் நாட்டில் அணு உலை வெடித்த வருஷம் அது. நான் கிள்ளான் துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. ஐரோப்பாவிலிருந்து இறங்கும் பால்மாவில் கதிர்வீச்சு இருக்கிறதா என்று சோதிக்கக் கோலாலம்பூரிலிருந்து ஒரு அதிகாரி வருவார். ஒல்லியான மனிதர். மாவு எடுத்து முடித்ததும் நகக்கண்வரை கழுவுவார். பிறகு கேன்டீனில், பால் விடாத தேநீர், ‘தே ஓ’, சீனி தூக்கலாக.

ஒருநாள் பயத்தை அடக்க முடியாமல் கேட்டேன். “சார், வீட்டுல பாப்பாவுக்கு இந்தப் பால்தான். குடுக்கலாமா?”

“லிமிட்டுக்குக் கீழதான் இருக்கு லா.”

“அந்த லிமிட்டை எப்படிப் போட்டீங்க?”

“ஒரு ஆள் சோறு, மீன், காய்கறி எல்லாம் சாப்பிடுறான். அதுல பால் கொஞ்சம்தானே? அதை வச்சுத்தான்.”

“பாப்பா வேற எதுவும் சாப்பிடாதே சார்.”

கிளாஸை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்: “பிள்ளைங்களுக்குத் தனியா ஒரு லிமிட் வைக்கணும்னு பேசிக்கிட்டுதான் இருக்கோம்.”

அன்று சாயந்திரம் பண்டமாரானில் இருந்த எங்கள் வீட்டில் பாப்பா பசியில் வீரிட்டாள். மனைவி பால் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வேறு என்ன கொடுப்பது?

அந்த மனிதர் எப்போதிலிருந்து தேத்தண்ணியில் பாலை நிறுத்தினார்? அதன்பின் பலமுறை வந்தார். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.