நத்தார்த் தீவு வீதியில் தம்பி தனியாக நிற்கவில்லை

நியூசிலாந்தின் மனுரேவாவில் இரண்டு வீடு, ஈஸ்ட் டாமாக்கியில் வெல்டிங் பட்டறை, கோயில் தேர்க் கொட்டகையின் இரும்புக் கூரை. இவ்வளவும் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் எழுப்பியவை. ஒருவரும் என்னை நம்பவில்லை. என் தம்பி மட்டும் நம்பினார்.

தம்பி முல்லைத்தீவில் பிறந்தார். போரின் கடைசி நாட்களில் சனத்தோடு சனமாகக் கடற்கரையை நோக்கி நடந்தோம். ஷெல்லுக்குப் பயந்து ஓடிய வாகனம் ஒன்று விழுந்து கிடந்தவர்களுக்கு மேலால் ஏறிப் போனது. எங்கள் அம்மாவும் அந்த வீதியில்தான் கிடந்தா. தம்பி அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

போர் முடிந்து நியூசிலாந்துக்கு வந்து, குடியுரிமையும் கிடைத்த பின் இருவரும் நத்தார்த் தீவுக்கு, அதாவது அவுஸ்திரேலியாவின் கிறிஸ்மஸ் ஐலண்டுக்கு, பொஸ்பேற் சுரங்கத்தில் வெல்டிங் வேலைக்குப் போனோம். "நத்தார் பாப்பா வீட்டுக்கோ?" என்று கிறிஸ்மஸ் தாத்தாவைச் சொல்லி, மவுண்ட் ஆல்பர்ட்டில் இருக்கும் மச்சான் சிரித்தார். பெயரில்தான் கொண்டாட்டம். கடல் கொந்தளித்துக் கப்பல் வராவிட்டால் ஊரில் மரக்கறி இல்லை. சோற்றிலும் சுரங்கத் தூசி இருக்கும். மழை தொடங்கினால் காட்டிலிருந்து சிவப்பு நண்டுகள் கணக்கில்லாமல் கடலுக்கு இறங்கும். ஊர்ச்சனம் காருக்கு முன்னால் நடந்து, இலை கூட்டும் வாரியால் அவற்றை ஒதுக்கி ஒதுக்கித்தான் காரை ஓட விடும். நான் முதலில் கறிச்சட்டியைத்தான் தேடினேன். தம்பி சட்டியைப் பறித்து வெளியே எறிந்தார்.

ஒரு பின்னேரம் லொறிக்காரன் ஒருவன் நிற்காமல் நண்டுகளுக்கு மேலால் ஏற்றிக்கொண்டு வந்தான். ஓடு நொறுங்கும் சத்தம் தூரத்திலேயே கேட்டது. தம்பி வாரியோடு நடு வீதியில் போய் நின்றார்.

"டேய் விசரா, ஏத்திப்போடுவான்! இது நண்டடா!"

"கடலுக்கு நடக்கிறதுகளுக்கு மேலால ஏத்த விடமாட்டன் அண்ணை. இந்த முறை விடமாட்டன்."

லொறி அவர் நெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. இறங்கியவன் தம்பியின் வாயில் குத்தினான். பல் உடைந்து இரத்தம் வழியவும் தம்பி அசையவில்லை. அவன் இரும்புக் கம்பியை அவர் தலைக்கு ஓங்கினான். நான் கையைக் குறுக்கே போட்டேன். விரல்கள் முறிந்தன. மற்றக் கையால் அவன் கழுத்தைப் பிடித்து, ஊர்ச்சனம் வந்து பிரிக்கும் வரை லொறிக் கதவோடு மோதினேன். நண்டுகள் எங்கள் கால்களுக்கு மேலால் போய்க்கொண்டிருந்தன.

நியூசிலாந்துக்குத் திரும்பிப் பல வருடம் கழித்து, நெஞ்சு வருத்தத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் தம்பி என்னுடைய மடங்காத விரல்களைப் பிடித்தபடியே இருந்தார்.

"இன்னும் நோகுதோ அண்ணை?"

"உன்ர தலை இருக்கெல்லே. பிறகென்ன?"

அவரைப் பார்த்த தாதிமாருக்கும், எங்களுக்குச் சமைத்துத் தந்த அயலவருக்கும், சவப்பெட்டி சுமந்தவர்களுக்கும் குடும்பத்தின் நன்றி.

செத்தவீட்டில் தம்பியின் மகள், "அப்பா தனியாக நின்று லொறியை மறித்தார்" என்று ஆங்கிலத்தில் பேசினா. நல்ல பிள்ளை, ஆனால் அங்கே இருந்தவள் இல்லை. லொறியை மறித்ததற்கு அடுத்த நாள் தம்பி வாரியோடு வீதியில் நிற்க எடுத்த படம்தான் இந்த நினைவு மலரின் அட்டைக்கு. அதன் ஓரத்தில் தம்பியின் தோளில் கட்டுப் போட்ட கை ஒன்று கிடக்கிறது. பார்க்க வடிவில்லை, வெட்டலாம் என்று மலர் செய்கிறவர்கள் சொல்கிறார்களாம். வெட்டக் கூடாது. அது என்னுடைய கை. அந்தக் கையோடு அச்சடித்து, கீழே அண்ணனின் கை என்று எழுதுங்கள்.