விறகில் அடித்த மூத்திர மணம்

பயர்பிளேஸுக்கென்று நேற்று ஒன்லைனில் விறகு வாங்கி வெளியே அடுக்கினோம். இன்று காலை ஒரே மூத்திர மணம். ‘உங்கள் நாயின் வேலைதான்’ என்று பக்கத்து வீட்டு செல்வம் அண்ணையிடம் முறையிட்டேன்.

வந்தவர் ஒரு கட்டையைத் தூக்கி முகர்ந்தார்.

“தங்கச்சி, உது எல்ம் மரம். பச்சையா இருந்தால் உப்பிடித்தான் மணக்கும். தொட்டுப் பாருங்கோ, எவ்வளவு ஈரம்!”

தொட்டேன். வெட்டிய பக்கம் சில்லென்று நனைந்திருந்தது.

“உதை எரிச்சால் வீடு முழுக்கப் புகை. மகனுக்கு அஸ்மா எல்லே?”

பின்னேரம் அதைத்தான் மூட்டுவதாக இருந்தோம்.

அவர் கோபிக்கவே இல்லை. தன் கராஜிலிருந்து காய்ந்த மேப்பிள் விறகு கொண்டுவந்து தந்தார். இப்போது மகன் நெருப்பின் முன்னால் இருமாமல் விளையாடுகிறான். நன்றி, அண்ணை.

எல்ம் காய இரண்டு வருடமாகுமாம். அடுக்கி வைக்க இடமும் அடைத்த மூக்கும் உள்ளவர்கள் சொல்லுங்கள், சும்மாவே தந்துவிடுகிறேன்.