பாதி நேர்த்தி

“மூட்டையத் தூக்கிக்கிட்டுப் புருசனும் பொண்டாட்டியும் ரோட்டுல நடந்தா, ஒண்ணு பொழப்பத்துப் போயிருக்கணும், இல்ல சாமிக்கு நேந்திருக்கணும். நீங்க ரெண்டு பேரும் இதுல எதுலம்மா சேத்தி?”

கேட்டவர் என் கணவரின் அக்கா. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு எதிர்வீடு அவருடையது. பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் பைக்குள் இரண்டு சுடிதாரையும் ஒரு துண்டையும் திணித்துக்கொண்டிருந்தேன்.

“எதுலயும் இல்ல அண்ணி. கடலோரமா மூணு நாள் சும்மா நடந்துட்டு வரப் போறோம்.”

“சும்மாவா? அங்கிட்டு என்ன இருக்கு? அந்தக் கடல்ல அலையாச்சும் அடிக்குமா?”

“அடிக்காது. அதுக்கு ஒரு காரணம் இருக்கு அண்ணி...”

“ஆமா, ஒனக்குத்தான் எல்லாத்துக்கும் காரணம் தெரியுமே” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

எனக்குத் தெரியும்தான். ஆவுடையார்கோவில் பக்கம் அடுத்தவர் வயலில் நடவு நட்டவர்களின் மகள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள். அதன்பிறகு கல்லூரி, அதன்பிறகு எம்.எஸ்ஸி. எங்கள் மாவட்டத்துக் கடலுக்குள் வளரும் கடற்புல்லைப் பற்றித்தான் என் கடைசி வருடத்துக் கட்டுரை. அதே கடற்புல்லைப் பற்றி மேலே ஆய்வு செய்யச் சென்னையில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. வருகிறேனா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். கடிதம் வந்த அன்று என் கணவர் அதை இரண்டு முறை படித்தார். “நல்லது” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அவர் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர். பேச்சு எப்போதுமே குறைவு. ஆனாலும் அது இந்த மாதிரிக் குறைவு இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் எனக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் அதைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து என்னை “ஏ புள்ள” என்றுதான் கூப்பிடுவார். அதன்பிறகு அப்படிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. “இந்தா”, “கேளு” என்று தொடங்குவார், அல்லது நான் திரும்பிப் பார்க்கும்வரை நிற்பார்.

நடக்கலாம் என்று சொன்னது நான்தான். முதுகில் பையை மாட்டிக்கொண்டு எந்தெந்த நாட்டுக் கடற்கரையிலோ நடக்கிற ஜோடிகளின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, நம் மாவட்டத்திலும்தானே கடல் இருக்கிறது என்று தோன்றியது. மூன்று நாள் கூடவே நடந்தால் எங்காவது ஓரிடத்தில் பேசிவிடுவார், சென்னைக்குப் போவதா வேண்டாமா என்று அவர் வாயால் கேட்டுவிடலாம் என்பது என் கணக்கு. மறுப்பார் என்று நினைத்தேன். உடனே “சரி” என்றார். “தெக்கேருந்து வடக்க போவோம்” என்று மட்டும் சொன்னார். வெயில் முகத்தில் அடிக்காமல் இருக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினோம். அது ஆவுடையார்கோவிலில் நின்றபோது அம்மாவைப் பார்க்க நான் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் அவளும் ஒரு “சும்மாவா?” கேட்டிருப்பாள்.

மீமிசலில் இறங்கி டீ குடித்தோம். அவருடைய பை, துபாயிலிருந்து வந்த நண்பரிடம் இரவல் வாங்கியது. அதன் கைப்பிடியில் விமான நிலையத்தில் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. டீக்கடைக்காரர் அதைப் பார்த்தார்.

“துபாய்லேருந்து நடந்தேவா வாரீங்க?”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“இல்லண்ணே, புதுக்கோட்டை. இப்படியே கட்டுமாவடி வரைக்கும் நடக்கிறோம்.”

“வேளாங்கண்ணிக்குன்னு சொல்லுங்க. செருப்போட போறீங்களேன்னு பாத்தேன்.”

“வேளாங்கண்ணிக்கு இல்ல. சும்மாதான்.”

அவர் பக்கத்து ஆளிடம் திரும்பி, “பஸ்ஸ விட்டுட்டாங்க போல” என்றார்.

ஆவணி மாதம் அந்த ரோட்டில் பையோடு வடக்கே நடக்கிறவர்கள் எல்லாரும் வேளாங்கண்ணிக்குத்தான் போவார்கள். எனக்கு அது உறைக்கவில்லை. எதிரே வந்த சைக்கிள்காரர் கேட்டார். பெட்டிக்கடை அம்மா கேட்டார். இறால் பண்ணை வாசலில் நின்ற காவல்காரர், நாங்கள் இரண்டு பேர் மட்டும் போவதைப் பார்த்துவிட்டு, நேராகவே கேட்டார்: “புள்ளைக்கு நேந்துக்கிட்டீங்களா?”

“எங்களுக்கு நேர்த்தியும் கிடையாது ஒண்ணும் கிடையாது” என்று நான் வெடுக்கென்று சொன்னேன். என் கணவர் பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

வீடியோவில் இருந்த கடல் மாதிரி எதுவும் இல்லை. ஒரு பக்கம் சீமைக்கருவை. தண்ணீர் வற்றிய இறால் குட்டைகள் ஓரமெல்லாம் வெடித்துக் கிடந்தன. கரைக்குப் போனால் கணுக்கால் சேறு. கரை நெடுகக் கடற்புல் கறுத்து, குவியல் குவியலாக அழுகிக் கிடந்தது. அதைக் கையில் எடுத்து, எது எந்த வகை, இது ஏன் இப்படி ஒதுங்குகிறது, கடல் ஏன் இங்கே அலையில்லாமல் கிடக்கிறது என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். “அப்படியா” என்றார். பிறகும் ஒரு “அப்படியா”. நான் நிறுத்திக்கொண்டேன்.

மத்தியானம் ஜெகதாப்பட்டினம். வலை விரித்து மீன் காயப்போட்டிருந்த ஒரு அம்மாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டோம். செம்பில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“வேளாங்கண்ணிக்கா தாயி?”

நான் தண்ணீரை விழுங்கிவிட்டுப் பதில் சொல்வதற்குள் என் கணவர், “ஆமாக்கா” என்றார்.

“புள்ளைக்கா?”

“ஆமாக்கா. புள்ளைக்குத்தான்.”

செம்பு என் கையிலேயே நின்றுவிட்டது. அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். பேப்பரில் சுற்றிய ஒரு மெழுகுதிரியோடு வந்தார்.

“எம் மவன் போன மாசம் கடலுக்குப் போனவன். போட்டோட சேத்து இலங்கக்காரன் புடிச்சுக்கிட்டுப் போயிட்டான். இன்னும் விடல. நடந்து போறவுக கையால ஏத்துனா சீக்கிரம் கேக்கும்பாக. எம் பேரெல்லாம் சொல்ல வேணாம், ஆத்தாவுக்குத் தெரியும். ஏத்திருங்க தம்பி.”

என் கணவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஊர் தாண்டும்வரை பொறுத்திருந்தேன்.

“அவங்க பையன் ஜெயில்ல கெடக்கான். அவங்கள ஏமாத்துறீங்க. நாம கட்டுமாவடியோட திரும்பப் போறோம்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்புறம் எதுக்குப் பொய்?”

“பொய்யில்ல” என்றார். அதற்கு மேல் எத்தனை கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

நான் வேறு மாதிரி புரிந்துகொண்டேன். பிள்ளை வேண்டும், அதனால் நீ சென்னைக்குப் போகாதே என்பதைத்தான் என்னிடம் சொல்லத் தைரியமில்லாமல் முன்பின் தெரியாத ஒருத்தரிடம் சொல்கிறார் என்று நினைத்தேன். கோபம் வந்தது. நான் படித்து வந்த தூரத்தை இவரும் அளக்கவில்லையே என்று இருந்தது. பத்தடி தள்ளித் தள்ளியே நடந்து கோட்டைப்பட்டினம் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே லாட்ஜில் என் ஆதாரைப் பார்த்துவிட்டு மேனேஜர் இழுத்தார். “இதுல அப்பா பேருல்ல இருக்கு?”

“நான் எங்கப்பாவுக்குத்தான பொறந்தேன்” என்றேன். மேசைக்கு மேலாக எட்டி என் காலில் மெட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். வேறு நாளாக இருந்தால் மாடிப்படி முழுக்கச் சிரித்துக்கொண்டே ஏறியிருப்போம்.

மறுநாள் மணமேல்குடிவரை அநேகமாகப் பேச்சே இல்லை. மேகம் மூடிக்கிடந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. ஓரிடத்தில் சேறு அதிகமாக இருந்தபோது கை நீட்டினார். பிடித்துக்கொண்டு தாண்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். அவர் பையின் பக்கவாட்டு உறையில் மெழுகுதிரி நிமிர்ந்து நின்றது. உடையாமல் இருக்கத் தன் துண்டைச் சுற்றி வைத்திருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி வாங்கி வருகிறேன் என்று அவர் வெளியே போனார். நான் போனை எடுத்தேன். சம்மதம், அடுத்த மாதம் முதல் தேதியே வந்து சேர்கிறேன் என்று நாலு வரி எழுதி அனுப்பினேன். அவரைக் கேட்டிருக்கலாம். கேட்காமல் அனுப்ப வேண்டும் என்றே அனுப்பினேன். அவர் வந்து பொட்டலத்தைப் பிரித்து, கெட்டிச் சட்னியை என் பக்கம் தள்ளி வைத்தார். அது எனக்குப் பிடிக்கும். பதில் அனுப்பிவிட்டதை அப்போதும் சொல்லவில்லை.

எங்கள் மாவட்டம் முடிகிற கட்டுமாவடிக்குப் போனபோது கடல் வற்றியிருந்தது. கண்ணுக்கு எட்டிய வரை சேறு. படகுகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. இரண்டு நாய்கள் நடுச்சேற்றில் எதையோ இழுத்துக்கொண்டிருந்தன. இதுதான் நான் பாடமாகப் படித்த கடல். இதைக் காட்டத்தான் இவரை முப்பது கிலோமீட்டர் நடத்திக் கூட்டிவந்திருக்கிறேன்.

“அறந்தாங்கி பஸ் இன்னும் அரை மணியில வந்துரும்” என்றேன்.

“நீ போ. நான் இப்படியே போயிக்கிறேன்.”

“எங்க?”

“வேளாங்கண்ணிக்கு.”

பஸ் ஸ்டாப் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார். குதிகாலில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. இரண்டு நாளாக அதோடுதான் நடந்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

“அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஒன்னய உள்ள கொண்டு போனாங்கள்ல,” என்று கடலைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார். “ரத்தம் நிக்கலன்னு சொன்னாங்க. எங்கிட்ட கையெழுத்து வாங்குனாங்க. எந்தச் சாமியக் கூப்புடுறதுன்னு தெரியல. பக்கத்துல ஆவூர்க்காரம்மா ஒருத்தவங்க செபமால உருட்டிக்கிட்டு இருந்தாங்க. அவங்கதான் வேளாங்கண்ணி மாதாவச் சொன்னாங்க. ரெண்டு பேரும் பொழைச்சு வந்தா நடந்து வாரேன்னு நேந்துக்கிட்டேன். எங்கேருந்து நடப்பேன்னெல்லாம் சொல்லல.”

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நீ வந்துட்ட. பாதிதான் கேட்டுச்சு. பாதி நேர்த்திக்கு எம்புட்டுத் தூரம் நடக்கணும்னு யார்ட்ட போயிக் கேக்குறது? நீ நடக்கலாமான்னு கேட்டப்ப, சரி, இதுல பாதிய முடிச்சிரலாம்னு நெனச்சேன். கட்டுமாவடியோட நின்னுக்கலாம்னுதான் இருந்தேன். அந்தக்கா மெழுகுதிரியக் குடுத்துருச்சு.”

நான் எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்தவள். எட்டு மாதம் ஒரே பாயில் படுத்திருந்த மனிதரிடம் இது இருந்தது தெரியவில்லை. அவர் என்னைப் போகாதே என்று சொல்லவில்லை. நான் பிழைத்ததற்கு நடந்துகொண்டிருந்தார். பிள்ளை பிழைக்காததற்கு என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பையனா பெண்ணா என்றுகூட நாங்கள் இருவரும் அன்று கேட்கவில்லை. அதை அவரிடம் சொன்னேன்.

“நான் கேட்டேன்” என்றார்.

என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார்.

“காலையிலயே பதில் அனுப்பிட்டேன்” என்றேன்.

“என்னன்னு?”

“வாரேன்னு.”

அவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. “அவங்களுக்கு வாரேன்னா எனக்குப் போறேன்தான” என்றார்.

சென்னைக்கு நீங்களும் வாங்க என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். அங்கேயும் மோட்டார்கள் எரியத்தான் செய்யும். ஆனால் வருவார் என்று எனக்கு நிச்சயமில்லை. கூப்பிட்டு அவர் வரவில்லை என்றால் அதைத் தாங்கிக்கொள்ளும் தெம்பும் அன்று இல்லை.

அறந்தாங்கி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எங்கள் பைகளைப் பார்த்துவிட்டு, “யாத்திரைக்காரங்க, ஏற மாட்டாங்க, போ ரைட்!” என்று விசில் அடித்தார். நான் எழுந்து கை காட்டவில்லை. பஸ் போயிற்று.

அவர் பையிலிருந்து மெழுகுதிரியை எடுத்துத் துண்டைப் பிரித்தேன். நடுவில் லேசாக வளைந்திருந்தது, உடையவில்லை. என் லேப்டாப் பையில், சுடிதார்களுக்கு நடுவே வைத்து மூடினேன். எனக்கு அந்த ஆத்தாமீது நம்பிக்கை உண்டா என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. ஜெகதாப்பட்டினத்தில் ஒரு அம்மாவின் செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்திருந்தேன், அவ்வளவுதான்.

“கட்டுப் போட்டுட்டு வாங்க. மெதுவாப் போயிக்கிட்டிருக்கேன்” என்றேன்.

அவர் கைக்குட்டையைக் கிழித்துக் குதிகாலில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் ரோட்டுக்கு வந்து வடக்கே நடந்தேன். வேளாங்கண்ணி இன்னும் ஐந்து நாள் நடை. திரும்பி வந்தால் சென்னைக்குப் பெட்டி கட்ட ஒரு வாரம்கூட இருக்காது. பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

“ஏ புள்ள, லாரி வருது. ஓரமாப் போ.”

நான் அதற்குள் மாவட்ட எல்லைப் பலகையைத் தாண்டிவிட்டிருந்தேன்.