கோட்டுக்குக் கீழே

கண்ணாடித் தொட்டியின் மூடியைத் திறப்பதற்கு முன்னால் செக்கர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். மூடிக்கும் தொட்டிக்கும் நடுவில் நேற்று அவரே செருகி வைத்த நூல் துண்டு அப்படியே இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார். இருக்கிறது. இருந்தாலும் நிமிர்ந்து, தையல் மிஷினில் உட்கார்ந்து ஜன்னல் திரை தைத்துக்கொண்டிருக்கும் மனைவியைப் பார்த்து, "யாராவது திறந்தீங்களா?" என்கிறார். வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

"உங்க நத்தையைத் தொட்ட கையோட துணியைத் தொட்டா கறை போகாது. எனக்கு எதுக்குங்க அந்த வேலை?" என்கிறார் மனைவி, மிஷினை நிறுத்தாமல்.

நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகர் அவர். தெருவில் செக்கர், மளிகைக் கடையில் செக்கர், கொழுந்தியாளுக்குக்கூட செக்கர் அத்தான்தான். பார்க்கிற வேலை உடம்பிலேயே ஊறிவிட்டது. பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். புதுச் செருப்பு வாங்கினால் இரண்டும் ஒரே அளவுதானா என்று அடியோடு அடி சேர்த்துப் பார்ப்பார். சொந்தக்காரர் யாராவது போனில் "நல்லா இருக்கோம்" என்றால், "ஏன், என்ன ஆச்சு?" என்பார்.

அவர் பேருந்தில் ஏறினால் கைக்குழந்தைக்காரர்கள் தவிர மற்ற அம்மாக்களெல்லாம் பிள்ளையின் தோளை அமுக்குவார்கள். முன்வாசல் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டிருக்கும். பிள்ளையின் தலை அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் டிக்கெட் வேண்டாம். அந்தக் கோட்டுக்கு அவரைப்போல மரியாதை கொடுத்தவர் இன்னொருவர் இல்லை. "முட்டியை மடக்காத கண்ணா, நிமிர்ந்து நில்லு. எங்க, பார்ப்போம்," என்பார். சொந்த மகளையே ஒருநாள் அப்படி நிறுத்தி, தலை ஒரு விரல்கடை மேலே போயிற்று என்று, கூட வந்த மனைவியை டிக்கெட் எடுக்க வைத்தவர். பஸ் முழுக்கச் சிரித்தது. மகள் அதை மறந்துவிட்டாள். மனைவி மறக்கவில்லை.

அந்த மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபோது விட்டுவிட்டுப் போனதுதான் இந்தத் தொட்டியும், உள்ளே கைக்கு அடங்காத இரண்டு நிலநத்தைகளும். போகும்போது விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். சோப்புத் தண்ணி கூடாது. உப்புக் கை கூடாது. மண்ணில் முட்டை கிடந்தால் அன்றைக்கே எடுத்து ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். "ஒண்ணுகூடப் பொரியக் கூடாதுப்பா. பொரிஞ்சா நூத்துக்கணக்குல வரும். தப்பித்தவறி வெளிய போச்சுன்னா ஊர்த் தோட்டத்தையெல்லாம் மொட்டை அடிச்சிடும்."

முதல் தடவை முட்டை கிடந்தபோது செக்கர் முதலில் சந்தேகப்பட்டது விற்ற கடைக்காரனை. "ரெண்டும் ஆம்பளைன்னுதானே சொன்னான்?" என்று மகளுக்குப் போன் போட்டார். பெரியவன், சின்னவன் என்று பெயரே வைத்திருந்தார். நத்தையில் ஆண் பெண் என்று தனித்தனியாகக் கிடையாது, ஒவ்வொன்றும் இரண்டும்தான் என்று மகள் சொன்னாள். அந்தப் பதிலில் அவருக்கு இன்றுவரை திருப்தி இல்லை. "ரெண்டும்னா, அடையாள அட்டையில என்னன்னு போடுவான்?" என்று மனைவியிடம் கேட்டார்.

ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. கையை நனைத்துக்கொண்டு, நத்தையின் அடியில் மெல்ல விரலைக் கொடுத்து, அது தானாகக் கைக்கு ஏறிவரும் வரை காத்திருப்பார். இழுக்க மாட்டார். "அவனா இறங்கட்டும். ஓடுற வண்டியில இருந்து யாரையும் இறக்கக் கூடாது," என்பார். வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியைப் பிழிந்து கண்ணாடியில் காய்ந்திருக்கும் வழுவழுப்பைத் துடைப்பார். அழுகின வெள்ளரித் துண்டுகளைப் பொறுக்குவார். ஈரமான தேங்காய் நார்த்தூளைக் கரண்டியால் மூலை மூலையாகக் கிளறுவார். ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி ஒரு குவியல் வெளியே வரும். அதை ஒரு டப்பாவில் வழித்துக்கொண்டு அடுப்படிக்குப் போவார். ஃப்ரிட்ஜ் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்கும்.

சமீபத்தில் ஒருநாள் மனைவி ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தார். முட்டை டப்பா இல்லை.

"எங்கங்க முட்டை?"

"வச்சேனே. அதான், எடுத்துக் கொட்டிட்டேன். கொஞ்சம்தான் இருந்துது."

ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொல்கிறவனிடம் டிக்கெட் இருக்காது என்பது செக்கரே சாப்பிடும்போது சொல்லிக்கொடுத்த பாடம். இங்கே மூன்று பதில் வந்திருந்தது. அன்றிலிருந்து மனைவி பார்க்க ஆரம்பித்தார். நறுக்கி வைத்த கேரட்டில் இரண்டு வில்லை குறைந்தது. துணியில் அளவு போடும் சாக்கட்டி காணாமல் போயிற்று. அவர் சீருடைச் சட்டையில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. வீட்டில் ஒரு கதவையும் சாத்த விடாத மனிதர், பழைய சாமான் போட்டுவைக்கும் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். உள்ளே அவர் யாரிடமோ குசுகுசுவென்று பேசுவதுகூடக் கேட்டது.

மனைவி கணக்குப் போட்டுப் பார்த்தார். இத்தனை வருஷம் கறைபடாத கை. யாரிடமாவது கைநீட்டி எதையாவது வாங்கி ஒளித்து வைக்கிறாரோ? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம்.

அதற்கு நடுவில் மகள் போன் செய்தாள். தனி வீடு பார்த்துவிட்டாளாம், ஞாயிற்றுக்கிழமை வந்து தொட்டியை எடுத்துப் போகிறாளாம். "நல்லது, உன் சாமான்தானே," என்றார் செக்கர். மறுநாள் காலையில் பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமலே நீட்டினார். மனைவிக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. அவர் வேலைக்குக் கிளம்பியதும் சாமான் அறையைத் திறந்தார்.

பழைய பெட்டிக்குப் பின்னால் உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் டப்பா. மூடியில் டிக்கெட்டில் துளை போடும் கருவியால் போட்ட வட்ட வட்ட ஓட்டைகள். திறந்தபோது மூடியிலிருந்து ஒரு வெள்ளை நூல் துண்டு விழுந்து எங்கேயோ போயிற்று. உள்ளே ஈர நார்த்தூளும், கேரட் வில்லையும், நத்தை ஓடு கெட்டிப்படச் சுரண்டிப் போடும் கணவாய் மீன் ஓட்டுப் பொடியும் இருந்தன. அவற்றின் மேல் துவரம்பருப்பு அளவில், ஓட்டுக்குள் இருப்பது வெளியே தெரியும் அளவுக்கு மெல்லியதாக, நாலைந்து நத்தைக் குஞ்சுகள் ஊர்ந்தன. டப்பாவின் வெளிப்பக்கம் காணாமல் போன சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்திருந்தது. குஞ்சுகள் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தன.

தன்னை வாரக்கணக்கில் பயமுறுத்தியதற்காக மனைவிக்குக் கோபம் வந்தது. கோட்டைப் பார்த்ததும் அந்தக் கோபம் நிலைக்கவில்லை. தொட்டி போய்விட்டால் இந்த மனிதருக்குக் குனிந்து பார்க்க வீட்டில் என்ன இருக்கிறது என்று நினைத்தார். மிஷினில் ஓடிக்கொண்டிருந்த நூலில் ஒரு துண்டு வெட்டி, மூடியில் செருகி, எல்லாவற்றையும் இருந்தபடி வைத்தார்.

அன்றைக்கு மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது நீல நூல். அது மனைவிக்கு உறைத்தது சாயங்காலம் செக்கர் சாமான் அறையிலிருந்து வெளியே வந்து, மிஷினையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தபோதுதான். செக்கர் "யாராவது" என்று ஆரம்பிக்கக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "எங்க, பார்ப்போம்," என்று மூடியைத் திறந்தாள். அப்பனுக்குப் பிறந்தவள். மண்ணைக் கிளறினாள், கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள், திருப்தியானாள். பிறகு கேட்டாள்: "முட்டை வந்ததெல்லாம் என்னப்பா பண்ணீங்க?"

செக்கர் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். "வச்சேன். கொட்டிட்டேன். அது வந்து..."

"அப்பா, ரெண்டு பதில் வருது."

"அவருக்கு என்ன தெரியும்?" என்றார் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி. "நான்தான் ஃப்ரீசர்ல வச்சேன். ஒண்ணு மிச்சமில்ல."

ஒரே பதில். மகளுக்கு அது போதும். தொட்டி வண்டியில் ஏறியது. தெருமுனை திரும்பும் வரை செக்கர் வாசலில் நின்றார். உள்ளே வந்து சாமான் அறைக்குப் போனார், கதவைச் சாத்தவில்லை. டப்பாவை எடுத்து வந்து, மனைவியின் துணிகளை ஓரமாக ஒதுக்கி, தையல் மேஜையிலேயே வைத்தார். நீல நூலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஒரு குஞ்சு டப்பாவின் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. கொம்பை நீட்டிக்கொண்டு, நிதானமாக, கோட்டைத் தாண்டியது.

"டிக்கெட் எடுக்கணுமே," என்றார் மனைவி.

செக்கர் குனிந்தார். குஞ்சைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை நாக்கில் நனைத்து அந்தக் கோட்டை அழித்துவிட்டு, பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து, மூடியை ஒட்டி மேலே ஒன்று போட்டார்.