இரவல் மண்

போன வாரம் பழனி பஸ் நிலையத்தில் யாரோ ஒருவர் என் காலடியில் ஒரு சாக்குப் பையை வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனார். பையிலிருந்து புகை மணம் எழுந்தது. அடுப்புக்கு மேலே மாதக்கணக்கில் தொங்கி, விறகுப் புகையைத் தன் தோலுக்குள் வாங்கி வைத்துக்கொண்ட மலைப்பூண்டு. காரமும் கரியும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் போக வேண்டிய பஸ் வந்தது, நின்றது, போய்விட்டது. நான் கொடைக்கானலுக்கு மேலே, கூக்கால் கிராமத்தில் இருந்தேன். வயது இருபத்து மூன்று. முதுகுப் பையில் பத்துத் துணிப்பைகள். வேலை, பாதிதான் கிடைத்திருந்தது.

வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது அப்போது. அப்பாவுக்கு மலையடிவாரத்தில் விபூதிக் கடை. பாதயாத்திரைக் கூட்டம் வரும் நாட்களில் நானும் உட்கார்ந்து பொட்டலம் மடிப்பேன். "பையன் சயின்டிஸ்டு" என்பார் அப்பா, வருகிறவர்களிடம். அவர்கள் என் கையைப் பார்ப்பார்கள். முழங்கை வரைக்கும் வெள்ளையாக இருக்கும். திண்டுக்கல், மதுரை, கோவை என்று ஏறி இறங்கிய ஆய்வகங்களில் எல்லாம் கேள்வி ஒன்றேதான்: எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா? ஓரிடத்தில் பொறுமை போய், "வேலை குடுத்தாத்தான சார் அது வரும்" என்றேன். அவர் அதை ரசித்துச் சிரித்தார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஒட்டன்சத்திரத்தில், காய்கறிச் சந்தைக்குப் பக்கத்தில், விவசாயிகளுக்கு மண் பரிசோதித்துத் தரும் ஒரு சின்ன ஆய்வகத்துக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டேன். பயோடேட்டாவைத் திருத்த பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த பாயிடம் போனேன். அவர் திரையில் ஓட்டிப் பார்த்து, அனுபவம் என்ற தலைப்புக்குக் கீழே இருந்த வெள்ளை இடத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன தம்பி, மைதானமாக் கெடக்கு?"

"ஒண்ணும் இல்ல பாய், அதான்."

"ஒரு ஆறு மாசம் போட்டுருவமா? ஒரு வருசம்னா நோண்டுவாங்க. ஆறு மாசத்த யாரும் நோண்ட மாட்டாங்க. என்ன லேப்பு?"

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. "மண்ணுதான போற, மண்ணுன்னே போட்ருவோம்" என்று அவரே தட்டினார். தனியார் மண் ஆய்வகத்தில் ஆறு மாதம். தாள் சூடாக வெளியே வந்தது. நான் வாழாத ஆறு மாதம், கையில் கதகதப்பாக இருந்தது.

ஆய்வகத்தை நடத்தியவர் ஒரு அம்மையார். எல்லாரும் மேடம் என்றார்கள். அதிகம் பேசாதவர். தாளில் அந்த வரியில் மட்டும் கண்ணை நிறுத்தினார்.

"டெஸ்ட் மட்டுமா, மண்ணும் போய் எடுத்திருக்கீங்களா?"

"ரெண்டும் மேடம்."

ஒரு பொய் ஒற்றையாக இருக்காது போலிருக்கிறது. அதற்குத் துணை தேவைப்படுகிறது.

"சரி, பத்து நாள் பாப்போம். சரியா வந்தா வச்சுக்கறேன். நாளைக்குக் கூக்கால் போங்க. பூண்டு மஞ்ச அடிச்சு நிக்குதாம். பத்துக் காட்டு மண்ணு வேணும்." காடு என்றால் மலையில் விளைநிலம். போகிறபோது மஞ்சள் தாளில் அச்சடித்த துண்டறிக்கைக் கட்டு ஒன்றையும் கொடுத்து, ஊரில் கொடுக்கச் சொன்னார். கட்டைப் பிரிக்காமல் பையில் வைத்தேன்.

கூக்காலுக்கு பஸ் குறைவு. வெள்ளனே பழனியில் ஏறி, கொடைக்கானலில் மாறி, ஏரியைத் தாண்டிப் போய் இறங்கியபோது கண்டக்டர், ஒரு மணி நேரத்தில் வண்டி திரும்பிவிடும், விட்டால் நாளைக்குத்தான் என்றார். ஆய்வகத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்த அக்கா நிறுத்தத்திலேயே நின்றார். சேலைக்கு மேல் ஆண்பிள்ளை ஸ்வெட்டர், காலில் ரப்பர் செருப்பு. பூண்டு போடும் பெண்கள் பத்துப் பேருக்கு அவர்தான் தலைவி. படிக்கட்டு படிக்கட்டாக மேலே ஏறிய காடுகளை அண்ணாந்து பார்த்துவிட்டு என் ஷூவைப் பார்த்தார்.

"நீ எதுக்கு தம்பி இதுல ஏறி எறங்கிக்கிட்டு? பஸ்ஸு போயிரும். பையக் குடு, நாங்களே வெரசாக் கொண்டாந்துர்றோம்."

கொடுத்தேன். மண்ணை எங்கே, எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியாது. தெரியாதது வெளிப்படாமல் போனதில் நிம்மதி. அவர் வீட்டு அடுப்படியில், தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகத் தொங்கிய பூண்டின் அடியில் உட்கார்ந்து வரக்காப்பி குடித்தேன். பெண்கள் ஒவ்வொருவராகப் பையோடு வந்தார்கள். கறுத்த, பொலபொலவென்ற மண். ஒரு கல் இல்லை, ஒரு வேர் இல்லை. பார்க்கவே பசித்தது.

ஆய்வகத்தில் நிழலில் உலர்த்தி, சலித்து, கரைத்து, ஆறாம் நாள் கருவியில் வைத்தேன். மலை மண் அமிலம் கூடிய புளிப்பு மண் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். இதில் புளிப்பே இல்லை. ஒன்றாம் பை, இரண்டாம் பை, ஐந்தாம் பை, எல்லாம் ஒரே எண்ணைச் சுற்றி நின்றன. கருவியைக் கழுவினேன், சரிபார்த்தேன், திரும்ப வைத்தேன். பத்துக் காடும் ஒரே காடு என்றது அது.

அறிக்கைத் தாள் முன்னால் இருந்தது. மண் நலம், புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு தேவையில்லை என்று எழுதிவிட்டால் என் பத்து நாள் சுத்தமாக முடிந்துவிடும். அவர்கள் அதை நம்பி, விலை கொடுத்து வாங்கிய விதைப்பூண்டை அதே மஞ்சள் காட்டில் மறுபடியும் ஊன்றுவார்கள். பேனாவைத் திறந்தேன், மூடினேன். அந்த மூடியின் சத்தம் இப்போதும் கேட்கிறது. என்னைப் பெரிதாக நினைத்துக்கொள்ள ஒன்றுமில்லை, பயம்தான். அந்த அக்கா ஒருநாள் சந்தைக்கு வந்து என்னைப் பார்த்துச் சிரித்தால் என்ன செய்வேன் என்ற பயம்.

மேடத்திடம் எண்களை நீட்டினேன். அவர் ஒரு முறைதான் பார்த்தார்.

"ஒரு காட்டுல எத்தன எடத்துல எடுத்தீங்க?"

"நான் எடுக்கல மேடம். அவங்க கொண்டாந்தாங்க."

"அப்ப அந்த ஆறு மாசம்?"

வெளியே தக்காளிப் பெட்டிகளை யாரோ தடதடவென்று இறக்கினார்கள். அது முடியும் வரை காத்திருந்தேன்.

"அது இல்ல மேடம்."

அவர் கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கோபப்பட்டிருக்கலாம்.

"மண்ண மட்டும் திருப்பி எடுத்துக் குடுத்துட்டுப் போயிர்றேன்" என்றேன்.

"அந்த மஞ்சத் தாளப் படிச்சுட்டுப் போங்க" என்றார்.

பஸ்ஸில் படித்தேன். மண் மாதிரி எடுப்பது எப்படி என்று எட்டு வரியில் இருந்தது. எருக்குழி ஓரத்தில் எடுக்காதே. வரப்பில், மரத்தடியில் எடுக்காதே. ஒரு சாண் ஆழம் தோண்டு, பல இடத்தில் எடு, எல்லாவற்றையும் கலந்து அதில் ஒரு பங்கைப் பிரித்து எடு. வேலையே என் பைக்குள் மடித்துக் கிடந்திருக்கிறது.

"என்னப்பா, மண்ணு நல்லா இல்லையாக்கும்?" என்றார் அக்கா, என்னைக் கண்டதும்.

"ரொம்ப நல்லா இருக்குக்கா. பத்தும் ஒண்ணு போல இருக்கு."

அவர் முகத்தில் பெருமை பரவியதைப் பார்த்தேன். "இருக்காதா பின்ன? எங்க மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால உள்ள மண்ணுல்ல. இந்த ஊர்லயே அதுக்குச் சமானம் கெடையாது. எல்லாரும் கேட்டாளுக, அள்ளிக் குடுத்தேன்."

"காட்டு மண்ணுல்லக்கா கேட்டேன்."

"அது கட்டியும் கல்லுமா, மஞ்சக் காமால வந்தது மாதிரி கெடக்கு. ஒட்டஞ்சத்திரத்துல பெரியவங்க பாக்குற எடத்துக்கு அதையா அனுப்புறது? கல்யாணத்துக்குப் போறவ வெறுங்கழுத்தோடயா போவா? இல்லாதவ இரவல் வாங்கிப் போட்டுக்கிட்டுப் போவாள்ல, அப்பிடித்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு மற்றதும் வந்துவிட்டது. பயோடேட்டாவை, ஆறு மாதத்தை, மேடத்தை, எல்லாவற்றையும் அந்த அடுப்படியில் சொன்னேன். கதவோரம் இருந்த இன்னொரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆக, நீயும் இரவல் நகை போட்டுக்கிட்டுத்தான் வந்திருக்க" என்றார் அக்கா. மூலையில் சாய்த்திருந்த மம்பட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். "வா, ஏறு. கொட்டத்துப் பக்கம் பாக்காம ஏறு."

ஏறினோம். ஒரு சாண் ஆழத்தில் மண் சில்லென்று இருந்தது, சதைக்குள் விரல் விட்டதுபோல. மஞ்சளும் சிவப்பும், பாதி மக்கிய வேரும், அட்டையும். பத்துப் பெண்களும் தத்தம் காட்டு வரப்பில் கூச்சத்தோடு நின்றார்கள், வீடு பெருக்காத நேரத்தில் விருந்தாளி வந்தது போல. ஒன்பதாவது காட்டில் இருந்தபோது கீழே பஸ் ஹாரன் அடித்தது. பத்தாவது காடு அந்த முந்தானைக்காரருடையது. அவர் கீழே ரோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மேலே ஏறினேன். ஒட்டன்சத்திரத்துக்கு கேரட் ஏற்றிப் போன லாரியில், மண் பைகளை மடியில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

இந்த முறை பத்துப் பையும் பத்து விதமாகப் புளித்தன. மேடம் சுண்ணாம்பு அளவைத் தன் கையாலேயே எழுதி, அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமையிலிருந்து வேறொருவர் வருகிறார் என்றார். இரண்டு வருடம் வேலை பார்த்தவர், அது உண்மைதானா என்று இந்த முறை மேடமே விசாரித்துவிட்டாராம். வேலை போனது. வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, பார்த்த வேலைக்கு ஒரு சான்றிதழ் கேட்டேன்.

அந்தத் தாளோடுதான் நாலு மாதம் கழித்துக் கொடைக்கானலில் குடிநீர் பரிசோதிக்கும் வேலைக்குப் போனேன். அங்கிருந்தவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "இத எவனும் பொய்யா எழுத மாட்டான்" என்று சொல்லி என்னை எடுத்துக்கொண்டார்.

மேடம் அதை எழுதியபோது நான் மேசைக்கு எதிரே நின்றிருந்தேன். நகக்கண்ணில் கூக்கால் மண் இன்னும் இருந்தது. அவர் பாதியில் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். குத்தலா, கரிசனமா என்று இன்று வரை எனக்குப் பிடிபடாத குரலில் கேட்டார்.

"எவ்வளவு நாள்னு போட? ஆறு மாசம்னே போட்ரவா?"

"பதினோரு நாள் மேடம்."