மாணவர் தாமே எழுதுக

எங்க ஆபீஸ்ல அவருக்கு வச்ச பேரு உதாரணம் சார். பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குப் பரீட்சைக் கைடு போடுற கம்பெனி எங்களுது. அதுல கதைப் பகுதிக்கு விளக்கம் எழுதுறவரு அவரு. கதைக்களம்னா என்ன, கதைமாந்தர்னா யாரு, உச்சக்கட்டம் எங்க வரும், எல்லாத்துக்கும் ரெண்டு வரி விளக்கம், கூடவே ஒரு உதாரணம். அவரு எழுதித் தர்றதைக் கம்ப்யூட்டர்ல அடிச்சுப் பக்கம் கட்டுறது என் வேலை. அந்தக் கோழிக் கிறுக்கலைப் படிக்க எனக்கு மட்டும்தான் பொறுமை இருந்துச்சு. மத்தபடி எனக்கும் பொறுமைக்கும் ரொம்ப தூரம்.

பேச்சுலயும் உதாரணம் இல்லாம அவருக்கு வாய் திறக்காது. நான் புதுசா சேர்ந்தப்ப, "முன்குறிப்புன்னா என்ன சார்?"னு கேட்டேன்.

"முதலாளி காலையில சிரிச்சுக்கிட்டே வராருன்னு வச்சுக்கோம்மா. சாயங்காலம் யாருக்கோ சீட்டு கிழியப் போகுது. அந்தச் சிரிப்புதான் முன்குறிப்பு."

"அப்ப முரண்?"

"நம்ம பிழை திருத்துறவரோட கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேரே தப்பா அச்சாச்சே, அது."

அந்தப் பிழை திருத்துறவரு அடுத்த மேசையிலதான் உக்காந்திருந்தாரு. காது ரெண்டும் செவந்துபோச்சு, பாவம்.

இப்படிச் சிரிக்கவச்ச மனுஷன்தான். ஆனா வீட்டுக்குப் போனா பேச ஆள் கிடையாது. பொண்ணு நடக்கப் பழகின வயசுலயே மனைவி போய்ச் சேர்ந்துட்டாங்க. இன்னொரு கல்யாணம் பண்ணிக்கோன்னு வந்த சொந்தக்காரங்களை வாசலோட திருப்பி அனுப்பிட்டு, தனியாளா வளர்த்தாரு. புத்தகக் கட்டு கட்டுற சணல் கயித்துல பின்னிப் பின்னிப் பழகித்தான் பொண்ணுக்குத் தலை பின்னக் கத்துக்கிட்டாராம். ரொம்ப நாள் வரைக்கும் அந்தப் பிள்ளையோட சடை பார்சல் மாதிரிதான் இருக்கும்னு அவரே சொல்லிச் சிரிப்பாரு.

அவரு வீடு கீழ்த்தளம். கொல்லைப்புற ஜன்னல்ல காத்து பிச்சுக்கிட்டு வரும், முன்கதவு படார் படார்னு அடிச்சுக்கும். அது சாத்திக்காம இருக்க ஒரு செங்கல் முட்டுக் கொடுத்து வச்சிருப்பாங்க. அந்தக் கல்லை வைக்கிறதும் எடுக்கிறதும் சின்ன வயசுல இருந்து மகளோட வேலை.

வளர்ந்து வேலைக்குப் போன பொண்ணு, கூட வேலை பார்த்தவனை விரும்பிடுச்சு. பையன் மேல இவருக்கு ஒரு குறையும் இல்ல. அக்கம்பக்கத்துல எல்லாருக்கும் தெரிஞ்சு, கடைசியாத்தான் தனக்குத் தெரிஞ்சதுன்னு ஒரு வீம்பு. "பெத்தவனை விட ஊரான் பெருசாப் போயிட்டானா? போறதா இருந்தா போ, திரும்பி வராதே"ன்னு சொல்லிட்டு, உள் ரூம்ல போய்ச் சுவத்தைப் பார்த்து உக்காந்துட்டாரு. பொண்ணு பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுச்சு. கதவு படார்னு சாத்தின சத்தம் கேட்டுச்சு. அதோட முடிஞ்சது அப்பன் மக பேச்சு.

அடுத்த பதிப்புக்கு அவரு ஒரு புது மாதிரிக் கதை கொண்டுவந்தாரு. அடிக்க அடிக்கத்தான் அது யாரு கதைன்னு எனக்குப் புரிஞ்சுது. 'தாயில்லா மகளைத் தந்தை கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். ஒரு நாள் மகள் அவர் சொல்லைக் கேளாமல் பெட்டியோடு புறப்பட்டாள். கதவை ஓங்கி அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.' கீழ கேள்விகள். முதன்மை மாந்தர் யார்? விடை: தந்தை. அவரை எதிர்த்து நிற்கும் எதிர்மாந்தர் யார்? விடை: மகள். அப்புறம் நோக்குநிலை. ஒரே சம்பவத்தை யாரு கண்ணு வழியாப் பார்க்கிறோம்கிறதுதான் நோக்குநிலைன்னு விளக்கம் எழுதிட்டு, கடைசிக் கேள்வி: இதே நிகழ்ச்சியை மகளின் நோக்கில் எழுதுக.

அதுக்கு விடை இல்ல. 'மாணவர் தாமே எழுதுக'ன்னு இருந்துச்சு.

கைடு போடுறவங்களுக்குத் தெரியும், அது எழுதுறவரு கை ஓஞ்சுபோனா போடுற வரி. மத்தவங்க பக்கத்துக்குப் பக்கம் போடுவாங்க. உதாரணம் சார் அது வரைக்கும் போட்டதே இல்ல. பிள்ளைங்க காசு கொடுத்து வாங்குறது விடைக்குத்தானேன்னு அடுத்தவங்களைத் திட்டுற ஆளு அவரு.

"என்ன சார், இதுக்கு விடை?"

"வரல. விடும்மா."

ஒவ்வொரு பதிப்புக்கும் கேட்பேன். ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான். கேள்வியை எடுக்கவும் மாட்டாரு, விடை எழுதவும் மாட்டாரு.

மக ஒண்ணும் கண்காணாத தேசத்துல இல்ல, ஒரே பஸ்ல போயிடலாம். ஞாயித்துக்கிழமையானா சட்டை மாத்திக்கிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடப்பாரு. பஸ் வரும், போகும். இவரு திரும்பி வந்துடுவாரு. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

"போய் ஒரு தடவை கதவத் தட்டுனா கை தேஞ்சா போயிடும்?"

"அப்படி இல்லம்மா. கதையில பிரிஞ்சு போன பாத்திரம்தான் திரும்பி வரணும். அதுதான் திருப்பம். அப்பதான் தீர்வு. இருக்கிறவன் இருந்த இடத்துலதான் இருக்கணும்."

"உங்க கதைக்கட்டுல இடி விழ! அது உங்க பொண்ணு சார், பாத்திரமில்ல."

கோவிச்சுக்கல. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "கதவ நான் சாத்தலியேம்மா"ன்னாரு. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முன்கதவைத் திறந்து செங்கல்லை முட்டுக் கொடுத்துட்டு இருட்டுற வரைக்கும் எதிர்ல உக்காந்திருப்பாருன்னு அந்தத் தெருவுல இருக்கிற எங்க அத்தை சொல்லுவாங்க. மக வந்தா தட்ட வேண்டியிருக்கக் கூடாதாம்.

அப்புறம் ஒரு நாள் ஆபீஸ் போன் அடிச்சுது. நான்தான் எடுத்தேன். மருமகன். மகளுக்கு வயித்துல கட்டியாம், முத்திப்போச்சாம், டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்களாம். "மாமாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க சொல்லிடுங்க"ன்னு அந்தப் பையன் அழுதுட்டான். நான் சொன்னேன். சார் பேனா மூடியைத் திருகித் திருகிப் பார்த்தாரு, மூட வரல. "கூட வரியாம்மா, எனக்கு வழி தெரியாது"ன்னாரு. அத்தனை வருஷம் அந்த பஸ் ஸ்டாப்புக்கு நடந்த மனுஷன்!

ஆஸ்பத்திரியில பொண்ணு கட்டிலோட கட்டிலா ஒட்டிக்கிடந்துச்சு. அப்பாவைப் பார்த்ததும், "வந்துட்டீங்களாப்பா"ன்னு கேட்டுச்சு, அவ்வளவுதான். மருமகன் நாற்காலியை நகர்த்திப் போட்டுட்டு வெளிய போயிட்டான். நானும் எழுந்தேன். சார் என் கையைப் பிடிச்சு உக்கார வச்சுட்டாரு.

 அப்புறம் தனக்குத் தெரிஞ்ச ஒரே வேலையைச் செஞ்சாரு. மகளோட நோக்குல சொல்ல ஆரம்பிச்சாரு.

"எங்கப்பா எனக்குச் சணல் கயித்துல பழகித்தான் தலை பின்னினாரு. வலிக்கும், நான் சொல்லமாட்டேன். ஒருத்தரை எனக்குப் பிடிச்சுது. அப்பாகிட்ட சொல்ல பயமில்ல, அவரு தனியாயிடுவாரேன்னு கவலை. அதான் தள்ளிப்போட்டேன். அதுக்குள்ள ஊர் சொல்லிடுச்சு. அப்பா போன்னுட்டாரு. எனக்கு ஆத்திரம் தாங்கல. பெட்டியைத் தூக்கிட்டு, கதவை ஓங்கிச் சாத்திட்டு..."

பொண்ணு தலையை அசைச்சுது. "நான் எங்கேப்பா சாத்தினேன்?"

சார் நிறுத்திட்டாரு.

"திறந்துதான் வச்சுட்டுப் போனேன். நீங்க வந்து கூப்பிடுவீங்கன்னு தெருமுனையில நின்னேன். அப்பதான் படார்னு சத்தம். நீங்கதானே வந்து சாத்தினீங்க?"

"நானா? நான் ரூமை விட்டே வரலியே, கண்ணு."

எங்க மூணு பேருக்கும் ஒரே நேரத்துல புரிஞ்சுது. அந்தப் பிள்ளைதான் முதல்ல சொல்லுச்சு, மூச்சு வாங்கிக்கிட்டு. "பெட்டி இடிச்சுக் கல்லு நகர்ந்திருக்கும்ப்பா. நான் பார்க்கல."

சாத்தினது காத்து. முன்குறிப்புக்கு முதலாளி சிரிப்பை உதாரணம் சொன்ன மனுஷனுக்குத் தன் வீட்டு வாசல்ல கிடந்த செங்கல் ஞாபகம் வரல. அவரு அப்படியே மகளோட உள்ளங்கையில முகத்தை வச்சுக்கிட்டு ஓன்னு அழுதாரு. நானும் அழுதேன், வெக்கம் என்ன இருக்கு. பொண்ணு மட்டும் அழல. இன்னொரு கையால அவரு தலையைத் தடவி, "முடியெல்லாம் கொட்டிப்போச்சேப்பா"ன்னு சொல்லுச்சு.

அந்த வாரம் தாண்டல.

காரியமெல்லாம் முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு ஆபீஸுக்கு வந்தாரு. புதுப் பதிப்பு அச்சுக்குப் போக இருந்துச்சு. என் பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு, "அந்தப் பக்கத்தைத் திறம்மா"ன்னாரு. திறந்தேன்.

"சாத்திவிட்டுப் போனாள்ங்கிறதை எடுத்துடு. 'கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள். காற்றில் அது சாத்திக்கொண்டது'ன்னு போடு."

போட்டேன். "கடைசிக் கேள்வி சார்? இப்பதான் விடை இருக்கே."

"இருக்கு. ஆனா அவ சொன்னதை நான் எழுதினா மறுபடியும் என் கதையாத்தான் போயிடும். மாணவர் தாமே எழுதட்டும்."

நடுவுல ஒரு கேள்வி பாக்கி நின்னுச்சு. எதிர்மாந்தர் யார்? விடை: மகள். அதை எப்படி விடுறது? என் கை அந்த வரியில போய் நின்னுடுச்சு. "இங்க என்ன போட சார், காத்துன்னா?"



"காத்து சாத்தினது ஒரு தடவைதான்ம்மா. அதுக்கப்புறம் இத்தனை வருஷம் அவ வீட்டுக் கதவைப் போய்த் தட்டாதது யாரு? தந்தைன்னு போடு."

தந்தைன்னு போட்டேன்.