துடுப்புக்கு ஒரு நாள் ஓய்வு

திருக்காட்டுப்பள்ளி சாலையில் இருந்த அந்த ஆலையில் புழுங்கல் அரிசிக்கு நெல் அவிப்பார்கள். கொதிகலனில் உமி எரியும். அந்தப் புகையைக் கழுவி, ஆறவைத்து, குழாய் வழியாக ஒரு சிமெண்ட் குளத்துக்குள் குமிழ்குமிழாக விடுவது என் வேலை. குளத்தில் நுண்பாசி வளர்த்தோம். புகையிலுள்ள கரியமில வாயுவைத் தின்று அது பச்சையாகப் பெருகும். வெளிநாட்டில் அரிசி வாங்குபவர்கள் இதையெல்லாம் விசாரிக்க ஆரம்பித்திருந்தார்கள். அதற்காகத்தான் முதலாளி குளமே கட்டினார்.

பாசிக்கு வேண்டியவை நான்கு: வெயில், உப்புகள், புகை, ஓயாத அசைவு. நான்காவதைத் தந்தது மோட்டாரில் சுழலும் ஒரு துடுப்புச் சக்கரம். அது நின்றால் பாசி அடியில் படிந்து அழுகிவிடும்.

குளத்தைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து ஊர் அக்கா ஒருவர். அதற்குமுன் களத்தில் அவித்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தவர். சூட்டில் குதிகால் இரண்டும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. குளத்துக்கு வந்த பிறகுதான் ஆறின. வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்துத் திருப்தியாகப் போனால் அவரை அங்கேயே நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

அவர்கள் வரவிருந்த வாரத்தில் ஆயுத பூஜை. எல்லா இயந்திரங்களையும் நிறுத்திக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மறுநாள் பூஜை பிரிக்கும்வரை எதையும் ஓட்டக் கூடாது. ஆலை மேஸ்திரி துடுப்புக்கும் பொட்டு வைத்து சுவிட்சை அணைத்தார்.

"அண்ணே, இத மட்டும் ஓட விடுங்க. பாசி செத்துரும்" என்றார் அக்கா.

"நீ வேதக்காரி. எங்க பூசைல உனக்கென்ன பேச்சு? மாதாகிட்ட சொல்லிக் காப்பாத்திக்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் முதலாளியிடம் போனேன்.

"பாசிதானம்மா?" என்றார், பொரியை மென்றபடி. "எங்க வீட்டுத் தண்ணித் தொட்டியில தேய் தேய்னு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது. ஒரு நாள்ல செத்துருமா?"

திரும்பி வந்தபோது அக்கா ஒரு மூங்கில் கழியால் குளத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார். மேஸ்திரி அதைப் பிடுங்கிக் கொண்டுபோய் சாமி படத்துக்கு முன்னால் சாய்த்துவைத்தார்.

"இதுவும் ஆயுதந்தான். நாளைக்கு எடுத்துக்க."

மறுநாள் துடுப்பை ஓட்டியபோது பழுப்புக் குழம்புதான் சுழன்றது. நாற்றம் நெல் அவிக்கும் இடம்வரை வந்தது. புதுப் பாசி வளர வாரக்கணக்கில் ஆகும் என்றேன்.

முதலாளி கோபப்படவில்லை. குளத்தை வடித்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, கும்பகோணத்திலிருந்து பச்சைச் சாயம் வரவழைத்து ஊற்றினார். குழாயில் வெறும் காற்றை விட்டார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்தபோது விளக்கம் சொல்ல நான் மறுத்தேன். அவருடைய மருமகன் சொன்னார், என்னைவிட நன்றாகவே. வந்தவர்கள் குளத்தோரம் அக்காவை நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கார் கிளம்பியதும் முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். "நாளையிலேருந்து களத்துக்குப் போயிடும்மா."

"நிரந்தரம்னு சொன்னீங்களே முதலாளி?"

"பாசி வளக்க ஆளு வேணும்னு சொன்னேன். சாயத்துக்கு எதுக்கும்மா ஆளு? அதுக்குத் தீனி வைக்கணுமா?"

மேஸ்திரிதான் முதலில் சிரித்தார். "ஒரு வாளி ஊத்துனா போதும், செழிச்சு வளரும்!"

மறுநாள் காலை அக்கா செருப்பைக் களத்தோரம் கழற்றிவிட்டு, ஆவி பறக்கும் நெல்லுக்குள் இறங்கினார். புகை பழையபடி புகைபோக்கி வழியே போனது. துடுப்பு அந்தப் பச்சைத் தண்ணீரைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.